களஞ்சியக்காரரின் மகன்

(திருகோணமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு தலைவரின் பிள்ளைப் பருவத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஒரு பழமொழி வாயில் வந்துவிடும். விளையும் பயிர் முளையிலே தெரியும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. விளைந்த பிறகு வரம்பில் நின்று, "நான் அப்போதே பார்த்தேன்" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். ஐந்து வயதில் அநியாயத்தைத் தட்டிக் கேட்டார், ஏழு வயதில் மேசைமேல் ஏறி நின்று பேசினார் என்று எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் தமிழில் அலுமாரி அலுமாரியாகக் கிடக்கின்றன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த இராஜவரோதயம் சம்பந்தன் அவர்களைப் பற்றி அப்படி ஒரு கதையும் நான் கொண்டுவரவில்லை. அவர் எந்த வீட்டில், எந்தச் சம்பளத்தில், எந்தெந்தப் பள்ளிக்கூட வாங்கில் வளர்ந்தார் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன். கதைகளைவிட அதில் கூடுதல் சங்கதி இருக்கிறது.

சம்பந்தன் பிறந்தது 1933 பெப்ரவரி 5. பிறந்த மண் திருகோணமலை. திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய கோணேசுவரம் நிற்கிற ஊரில் பிள்ளைக்கு ஏன் சம்பந்தன் என்று பெயர் வைத்தார்கள் என்று யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். தந்தையின் பெயரும் ஊர்ப் பெயர்தான். கோணேசர் கல்வெட்டு என்ற நூலைச் செய்தவர் கவிராஜவரோதயர். அந்தப் பெயரை வழிவழியாக இங்கே பிள்ளைகளுக்கு வைத்து வந்திருக்கிறார்கள். அதனால் ஒரு குழப்பமும் உண்டு. 1952 முதல் 1963 வரை இந்தத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் என். ஆர். இராஜவரோதயம். சம்பந்தனின் தந்தை ஏ. இராஜவரோதயம். ஆட்கள் வேறு. வெளியூர்ப் பத்திரிகைகள் சில நேரம் இருவரையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

தந்தை என்ன செய்தார்? கல்லோயாத் திட்டத்தில் களஞ்சிய அத்தியட்சகர். சம்பந்தனின் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரே வரியில் வந்துபோகிற தகவல் இது. படிக்கிறவர்கள் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்கள். நான் இன்று அந்த வரியில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்கிற ஆற்றைச் சிங்களத்தில் கல்லோயா என்பார்கள். இங்கினியாகலையில் அந்த ஆற்றை மறித்து அணை கட்டி, பெரிய குளமாக்கி, காட்டை வெட்டி, குடியேற்றக் கிராமங்களை உண்டாக்குவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் திட்டம். அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையைப் பார்த்து, 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தார்கள். அணையைக் கட்டியது மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. சீமெந்து, இரும்பு, யந்திர உதிரிப்பாகம், எரிபொருள் எல்லாம் லொறி லொறியாக வந்து இறங்கின. வந்ததைக் கணக்கில் ஏற்றி, கொடுத்ததைக் கணக்கில் கழித்து, மிச்சத்தைக் காட்ட ஒருவர் வேண்டும். அதுதான் களஞ்சியத்தின் வேலை.

அரசாங்கக் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்த சாமானுக்கு ஒரு பதிவு, போன சாமானுக்கு ஒரு பதிவு, வாங்கினவனின் கையெழுத்து, கொடுத்தவனின் கையெழுத்து, திகதி. வருட முடிவில் ஓடிட்காரர் வந்து இறாக்கையில் இருப்பதை எண்ணிப் பார்ப்பார். பத்து இறாத்தல் ஆணி குறைந்தாலும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லை என்றால் சம்பளத்தில் வெட்டு. "அவர் கேட்டார், நான் கொடுத்தேன்" என்ற கதை அங்கே எடுபடாது. கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள்.

பிற்காலத்தில் சம்பந்தன் பாராளுமன்றத்தில் எழுந்து பேசியதைக் கேட்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு 1957இல் பண்டாரநாயக்கா கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1965இல் டட்லி சேனநாயக்கா கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1987இன் இந்திய இலங்கை உடன்படிக்கை, அதன்பின் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் என்று வரிசையாக அடுக்குவார். எதை வாங்கினோம், எதைத் தந்தோம், எது இன்னும் நிலுவை. அடுக்குமொழி இல்லை, ஆவேசம் இல்லை. மேடையில் இடி முழங்கிய தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். சட்டத்தரணியின் பழக்கம் என்று சொல்வார்கள். இருக்கலாம். கொழும்புப் புதுக்கடைக்குப் போய்ச் சட்டம் படிக்கும் முன்னமே அவருக்கு இந்தப் பழக்கம் வீட்டில் பிடித்துவிட்டது என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் அகலமாகப் பார்க்கலாம். இலங்கைத் தமிழரின் தலைவர்கள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தார்கள்? ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் தந்தை தபால் அதிபர். செல்வநாயகத்தின் தந்தை ஆசிரியராக இருந்து பின்பு மலாயாவுக்குப் போய் வியாபாரம் செய்தவர். சம்பந்தனின் தந்தை களஞ்சிய அத்தியட்சகர். மறுபக்கம் பாருங்கள். டி. எஸ். சேனநாயக்காவின் வீடு காரீயச் சுரங்கமும் தோட்டமும் உள்ள வீடு. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் தந்தை மகா முதலியார். தேசாதிபதி வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். ஜே. ஆர். ஜயவர்தனவின் தந்தை உயர் நீதிமன்ற நீதியரசர். நிலமும் பட்டமும் உள்ள வீட்டுப் பிள்ளைகளோடு மாதச் சம்பள வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து பேரம் பேசியதுதான் நம்முடைய ஐம்பது வருட அரசியல். மாதச் சம்பள வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். படி, சோதினை பாஸ் பண்ணு, எழுத்தில் வாங்கு, மேலதிகாரியை மரியாதையோடு எதிர்த்து எழுது. இதன் நல்லதும் கெட்டதும் நம் அரசியலில் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. மனு எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. மனுவை வாங்கிப் பெட்டியில் போட்டவனை என்ன செய்வது என்பதற்கு மட்டும் அந்த வீடுகளில் பாடம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. நம் தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் தகப்பனின் உத்தியோகம் முதல் வரியில் நிற்கும். தாயைத் தேட வேண்டும். செல்வநாயகம் 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். நாலு வயதில் தெல்லிப்பழைக்கு வந்தார். கூட்டிவந்தது தாய் ஹரியட் அன்னம்மா. புருஷன் கடலுக்கு அப்பால் உழைக்க, பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும் என்று கப்பலேறி வந்து ஊரில் தனியே நின்று வளர்த்தவர் அவர். தந்தை செல்வா என்று நாம் சொல்கிறவரை வளர்த்தெடுத்தது ஒரு தாயின் தீர்மானம். இடமாற்றம் உள்ள உத்தியோகக்காரர் வீடுகள் பலவற்றிலும் நடந்தது இதுதான். தகப்பன் இருக்கும் ஊர் ஒன்று, பிள்ளை படிக்கும் ஊர் இன்னொன்று. நடுவில் வீட்டைக் கொண்டு நடத்தியவர்கள் பெண்கள்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

சம்பந்தன் படித்த பாடசாலைகள் நாலு. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, குருநாகல் புனித அன்னம்மாள் கல்லூரி, நம்முடைய திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரி, மொறட்டுவை புனித செபஸ்தியார் கல்லூரி. சைவ வீட்டுப் பிள்ளை, நாலும் கத்தோலிக்கப் பாடசாலை. கோணேசர் கோயில் கொடியேற்றம் ஒரு பக்கம், காலையில் சிற்றாலய மணி இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆங்கிலப் படிப்பு என்றால் பெரும்பாலும் மிஷன் பாடசாலை. பத்திரிசியாரில் 1936 முதல் 1954 வரை அதிபராக இருந்தவர் லோங் அடிகளார், யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுவதற்கு முன்னின்று உழைத்தவர். அவருடைய காலத்துப் பத்திரிசியாரில்தான் சம்பந்தனும் இருந்திருக்கிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற இரண்டு ஊர்களும்தான். குருநாகலும் மொறட்டுவையும். சிங்கள ஊர்கள். திருகோணமலைப் பிள்ளை அந்தக் காலத்தில் குருநாகலுக்குப் போகிறதென்றால் கோச்சிதான். 1927இல் திருகோணமலைக்குப் பாதை திறந்தார்கள். தகரப் பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டால் சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய், கல்ஓயாச் சந்தி, ஹபரணை, மாஹோ என்று போகும். (கல்ஓயாச் சந்தியும் கல்லோயாத் திட்டமும் வெவ்வேறு இடங்கள். வெளியூரார் அதையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.) சீனக்குடா தாண்டும்போது காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள். அதைத் தாண்டினால் தம்பலகாமத்து வயல்வெளி. அதையும் தாண்டினால் கந்தளாய்க் குளத்துப் பக்கம். மாஹோவில் பாதை பிரிகிறது. வடக்கே திரும்பினால் அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம். தெற்கே போனால் குருநாகல், பொல்காவலை, கொழும்பு. அங்கிருந்து கரையோரப் பாதையில் மொறட்டுவை, தச்சர்களின் ஊர். சம்பந்தனின் நாலு பாடசாலைகளையும் அந்த ரயில் பாதையில் வைத்துப் பார்த்தால், மாஹோவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவருடைய பிள்ளைப் பருவம் விரிந்து கிடக்கிறது.

அங்கே அவர் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்தார். ஒரே ஆசிரியரிடம், ஒரே மொழியில் படித்தார். அந்த மொழி ஆங்கிலம். இதைச் சும்மா கடந்துபோகக் கூடாது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கூடவே சுயபாஷைக் கல்வியும் கீழ் வகுப்புகளிலிருந்து தொடங்கி வருடத்துக்கு வருடம் மேலே ஏறியது. சம்பந்தனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த மாற்றம் அவருடைய வகுப்பை எட்டிப் பிடிப்பதற்குள் அவர் மேலே போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தமிழ்ப் பிள்ளை தமிழ் வகுப்பில், சிங்களப் பிள்ளை சிங்கள வகுப்பில். ஒரே மதிலுக்குள் இருந்தாலும் வகுப்பு வேறு. தாய்மொழிக் கல்வியை நான் குறை சொல்லவில்லை. ஏழைப் பிள்ளை படித்து மேலே வந்தது அதனால்தான். ஆங்கிலப் பாடசாலைக்குக் காசு கட்ட முடிந்த வீடுகள் எத்தனை? அதற்கு ஒரு விலையும் இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரைச் சொல்கிறேன். சபையில் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். விடுதலைப் புலிகளின் தலைவராக இருந்த வேலுப்பிள்ளை பிரபாகரன் 1954இல் பிறந்தவர். அவருடைய தந்தையும் அரசாங்க உத்தியோகத்தர், காணி அதிகாரி. அந்த வீட்டிலும் இடமாற்றம் உண்டு, மட்டக்களப்பில் இருந்திருக்கிறார்கள். ஒழுங்கு, சம்பளம், சைவம் எல்லாம் ஏறத்தாழ அதே அச்சு. இருவருக்கும் வயதில் இருபத்தொரு வருட இடைவெளி. அந்த இருபத்தொரு வருடத்தில் நாட்டின் வகுப்பறைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. வல்வெட்டித்துறைச் சிதம்பராக் கல்லூரியில் படித்த பிள்ளை அறிந்த சிங்களவன் யார்? சீருடை போட்டவன். மொறட்டுவையில் படித்த பிள்ளை அறிந்த சிங்களவன், கணக்கு வராமல் பக்கத்து வாங்கில் முழித்தவன். வீடு ஒன்றுபோல இருந்தும் அரசியல் இரண்டாகப் போனதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லவில்லை. 1956, 1958 வன்முறைகள், பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல், 1983 வன்முறை எல்லாம் இருக்கின்றன. இதையும் அந்தக் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

உடனே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒரே சென். தோமஸ் கல்லூரியில் படித்தவர்கள் அல்லவா? ஒன்றாகப் படித்தவர்தானே தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தார்? உண்மை. ஒரே வாங்கில் இருந்தவன் நம் பேச்சைக் கேட்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவனோடு பேசலாம் என்ற எண்ணம் மட்டும்தான் நம்மிடம் மிஞ்சும். சம்பந்தனிடம் அந்த எண்ணம் 91 வயது வரை மிஞ்சியது. 2016க்குள் இனப்பிரச்சினைக்குத் தீர்வு வரும் என்று சொல்லி நம்மவர்களிடமே கேலி வாங்கிக் கட்டிக்கொண்டதும் அந்த எண்ணத்தால்தான்.

இனி ஊர். பள்ளிக்கூடம் அவருக்குத் தெற்கைக் காட்டியது என்றால், ஊர் காட்டியது வேறு.

1942 ஏப்ரல் 9. ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சம்பந்தனுக்கு ஒன்பது வயது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஒன்று சீக்கிரமே விளங்கியிருக்கும். தாங்கள் ஓடி விளையாடும் கரைமேல் உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கண்வைத்திருக்கிறார்கள். ஊர்ச் சனத்திடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. போர்த்துக்கீசர் 1624இல் கோயிலை இடித்தபோதும் கேட்கவில்லை, வெள்ளைக்காரன் குதம் கட்டியபோதும் கேட்கவில்லை. 1950இல் கோட்டைக்குப் பக்கத்தில் கிணறு வெட்டப்போன இடத்தில், இடித்த கோயிலின் பஞ்சலோக விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தன. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது சரித்திரப் புத்தகப் பாடமாகவா இருந்திருக்கும்? தன் ஊர்த் தெருவில் சுவாமியே எழுந்து வந்ததுபோல இருந்திருக்கும்.

அதே வருடங்களில்தான் கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றம். 1921 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் சிங்கள மக்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 1981இல் மூன்று இனங்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்த மாற்றம் தொடங்கிய வேகத்தில்தான் 1952 தேர்தலில் ஒரு விசித்திரம் நடந்தது. தமிழரசுக் கட்சியின் தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள், கோப்பாயும் திருகோணமலையும். கட்சி கேட்ட சமஷ்டி என்ற சொல் யாழ்ப்பாணத்துக்கு முழுதாக விளங்குவதற்கு முன்னமே இந்த ஊருக்கு விளங்கியிருக்கிறது. காரணம், இங்கே அது காணிப் பிரச்சினை.

இந்த இடத்தில் களஞ்சியத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. தமிழரசுக் கட்சி எந்தக் குடியேற்றத்தை எதிர்த்துக் குரல் கொடுத்ததோ, அந்தக் குடியேற்றத்துக்கெல்லாம் முன்மாதிரி கல்லோயா. சம்பந்தன் வீட்டு அடுப்பெரிந்தது அந்தத் திட்டத்தின் சம்பளத்தில். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து உத்தியோகக் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். அரசாங்கம் வீட்டுக்குச் சோறு போடுகிறது, அதே அரசாங்கம் ஊர்க் காணியை எடுக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்கத்தை முழுசாக வெறுக்கவும் வராது, முழுசாக நம்பவும் வராது. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் வந்த கையோடு, கல்லோயாவில் தமிழர்மீது தாக்குதல் தொடங்கியது. நூற்றைம்பது பேர்வரை கொல்லப்பட்டதாகக் கணக்கு. அணை கட்டவும் கணக்கு எழுதவும் போன தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஓகஸ்ட்டில் நாலா பக்கமிருந்தும் சனம் திருகோணமலைக்கு நடந்து வந்தது. 19ஆம் திகதி இங்கே கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம உரிமை, மலையகத் தமிழரின் குடியுரிமை, குடியேற்றத்தை நிறுத்துதல் என்ற கோரிக்கைகளை வைத்தது. அந்த வருடம்தான் சம்பந்தன் தமிழரசுக் கட்சியில் சேர்ந்தார். இருபத்துமூன்று வயது.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948 பெப்ரவரி 4. மறுநாள் சம்பந்தனுக்குப் பதினைந்து நிறைந்தது. ஒன்பது வருடம் கழித்து, 1957 பெப்ரவரி 4ஆம் திகதி, தமிழரசுக் கட்சி சுதந்திர தினத்தைப் புறக்கணிக்கச் சொன்ன நாளில், இந்த ஊரில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற திருமலை நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் சம்பந்தனுக்கு இருபத்துநாலு. பிறந்த நாளுக்கு முதல் நாள் ஒவ்வொரு வருடமும் அவருக்கு இந்த இரண்டையும் கொண்டுவந்து கொடுத்திருக்கும்.

அதே மனிதர் 2012 மே தினத்தன்று யாழ்ப்பாண மேடையில் இலங்கையின் தேசியக் கொடியான சிங்கக் கொடியைக் கையில் பிடித்தார். நம்மவர்களுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, நடராஜனின் ஊர்க்காரர் அவர். எனக்கும் அந்தப் படத்தைப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. ஆனால் சூசையப்பரிலும் செபஸ்தியாரிலும் மாறி மாறிப் படித்த பிள்ளையின் கை அது என்று பார்த்தால் கோபம் தணியாவிட்டாலும் விளங்கவாவது விளங்குகிறது. அவர் கடைசிவரை விடாமல் சொன்ன வசனம் ஒன்று, பிளவுபடாத ஒன்றுபட்ட இலங்கைக்குள் தீர்வு. அந்த வசனத்தில் முதல் பாதி மாஹோவுக்குத் தெற்கே படித்தது, இரண்டாம் பாதி இந்தக் கரையில் படித்தது.

1956இல் கட்சியில் சேர்ந்தவர் பாராளுமன்றத்துக்குப் போனது எப்போது தெரியுமா? 1977 ஜூலைத் தேர்தலில். இருபத்தொரு வருடம் கழித்து, இந்த ஊரில் சட்டத்தரணியாக இருந்துவிட்டு, நாற்பத்துநாலு வயதில். இன்றைக்குப் பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் வேட்புமனுப் பத்திரத்தோடு நிற்கிறார்கள். நிற்கட்டும், நல்லது. ஆனால் அவசரப்படாமல் இருப்பதும் அந்தக் களஞ்சிய வீட்டில் வந்த குணம்தான். அவர் உள்ளே போனபோது பிரதமர் ஆசனத்தில் நீதியரசர் மகன் ஜே. ஆர். ஜயவர்தன. எதிர்க்கட்சித் தலைவர் ஆசனத்தில் அமிர்தலிங்கம். ஆறே வருடத்தில், தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்த 6ஆவது திருத்தத்துக்குப் பிறகு, அவருடைய ஆசனம் போனது. மறுபடி உள்ளே போக 1997 ஆனது. அதுவும் இதே ஊரில் பாராளுமன்ற உறுப்பினர் தங்கத்துரை கொல்லப்பட்டு வெற்றிடமான இடத்துக்கு. அதன் பிறகுதான் கூட்டமைப்புத் தலைமை, 2015இல் எதிர்க்கட்சித் தலைமை, எல்லாம்.

அவற்றைப் பேசுவதென்றால் இன்னொரு மாலை வேண்டும். எனக்குத் தந்தது பிள்ளைப் பருவம் மட்டும்தான், தந்த நேரத்துக்கு மேலேயும் போய்விட்டேன். மூதூர்ப் பக்கம் போக வேண்டியவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள்.